எல்லைப்புறத்தில் ஆங்கிலேயர் காலக் காசுகள்: தென்காசி – குற்றாலம் – செங்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து நாணயச் சேகரிப்பும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலேயர் கால நாணயங்களைச் சேகரிப்பது தமிழகத்தில் பரவலான பொழுதுபோக்காக உள்ளது. ஆனால் அவற்றின் மதிப்பை அறியும் முறை பெரும்பாலும் பழமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூர் அரசும் எல்லையாகச் சந்தித்த தென்காசி – செங்கோட்டை வட்டாரத்தை மையமாகக் கொண்டு, நாணய மதிப்பு என்பது உலோகம், ஆண்டு, அக்கசாலை, தேய்மானம், கிடைத்த இடம் ஆகிய ஐந்தையும் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் கிடைத்த இடம் பற்றிய குறிப்பே வரலாற்று ஆய்வுக்கு முதன்மையானது என்றும், அதுவே விரைவாக அழிந்துவருகிறது என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நாணயவியல், கிழக்கிந்தியக் கம்பெனி, சக்கரம், ராணிக்காசு, சவரன், செங்கோட்டை.

முன்னுரை

குற்றாலம் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், திரிகூட மலைச்சாரலில் ஐந்தருவி அமைந்துள்ளது. சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாயின் இருபுறமும் வாழும் மக்கள் இங்குக் கூடுகின்றனர். இன்று அனைவரின் கையிலும் ஒரே நாணயம்தான் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நிலை வேறு. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அருகிலிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. மாநில மறுசீரமைப்பின்போது, 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை தமிழகப் பகுதியோடு இணைந்தது. 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் இவை அனைத்தும் இன்று ஒரே நிருவாகத்தின் கீழ் உள்ளன.

இவ்வாறு இரு அரசுகளின் எல்லையாக விளங்கிய நிலப்பகுதியில் நாணயத்தின் மதிப்பை அதன் முகத்தில் பொறித்த எழுத்தைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ‘இக்காசு என்ன பெறும்?’ என்பது இன்றைய சேகரிப்பாளரின் வினா மட்டுமன்று. அக்கால வணிகரின் அன்றாட வினாவும் அதுவே.

1. இரு அரசுகள், இரு கணக்குகள்

1801இல் கருநாடக நவாபிடமிருந்து திருநெல்வேலிப் பகுதியின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறியது. அப்போது சென்னை மாகாணக் கணக்குகள் நட்சத்திர வராகனில் எழுதப்பட்டன. ஒரு வராகன் 42 பணம். ஒரு பணம் 80 காசு. 1818இல் ரூபாய் அடிப்படை நாணயமாக்கப்பட்டு, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என விகிதம் வகுக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெயின் எடையும் (11.66 கிராம்) பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் கொண்ட அந்த ரூபாய், 16 அணா அல்லது 192 தம்பிடியாகப் பகுக்கப்பட்டது.

திருவிதாங்கூர் தன் கணக்கைத் தனியே நடத்தியது. அங்கு 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே சர்க்கார் ரூபாய் 28 சக்கரம். ஆங்கிலேய ரூபாயோ 28 சக்கரம் 8 காசு பெற்றது. அரைச் சக்கர வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நூறு ரூபாய்க் கொடுக்கல் வாங்கலில் அது 50 சக்கரமாகப் பெருகும். எல்லையைக் கடந்து வாணிகம் செய்தவர் எந்த ரூபாயில் விலை பேசப்பட்டது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வெள்ளிச் சக்கரங்கள் மிகச் சிறியவையாதலால், அவற்றை எண்ணுவதற்குச் சிறு குழிகள் இட்ட மரப்பலகைகள் பயன்பட்டன. பலகையில் காசுகளைப் பரப்பி, குழிகள் நிரம்பியதும் மிகுதியைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை உறுதியாகும்.

இவ்வட்டாரத்துப் பழைய குடும்பங்களின் சேமிப்பில் ரூபாயும் சக்கரமும் கலந்து காணப்படுமாயின், அது தற்செயலன்று. எல்லை வாழ்க்கையின் சான்றாகக் கொள்ளத்தக்கது. திருவிதாங்கூர்க் காசுகளில் கொல்லம் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பின், அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டிப் பொது ஆண்டைப் பெறலாம்.

2. சேகரிப்பின் தொடக்கமும் திசைமாற்றமும்

தென்னிந்தியாவில் நாணயச் சேகரிப்பு ஒரு துறையாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகும். வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூல் 1886இல் வெளிவந்தது. டேனிய மறைப்பணியாளர் லவந்தால் திருநெல்வேலி நாணயங்கள் பற்றித் தனி நூலொன்றை 1888இல் வெளியிட்டார். தென்னிந்திய நாணயச் சேகரிப்பாளர்களுக்கான டஃப்னலின் கையேடு 1889இல் வந்தது. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த கம்பெனிக் காலக் காசுகளின் பட்டியலை வரலாற்று முன்னுரையுடன் 1890இல் பதிப்பித்தார்.

இம்முன்னோடிகளுள் பெரும்பாலோர் தேடியவை பாண்டியர், சோழர், நாயக்கர் காலக் காசுகள். அவற்றை விலைக்கு வாங்க அவர்கள் கொடுத்தவை விக்டோரியா உருவம் பொறித்த ரூபாயும் அணாவும். அன்று விலையாகக் கொடுக்கப்பட்ட நாணயமே இன்று சேகரிப்புப் பொருளாகியுள்ளது. அன்று ஆங்கிலேயர் தமிழ் மன்னர்களின் காசுகளைத் திரட்டினர். இன்று தமிழர் ஆங்கிலேயரின் காசுகளைத் திரட்டுகின்றனர். எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. முன்னோடிகள் தம் சேகரிப்பைப் பட்டியலாக்கி அச்சிட்டனர். இன்றைய இல்லச் சேகரிப்புகளுள் மிகப் பல எழுத்தில் பதிவாகாமலே கைமாறுகின்றன.

3. முகமதிப்பும் உலோக மதிப்பும்

ஆங்கிலேய ரூபாயின் முகமதிப்பு மாறவில்லை. அதற்குள் இருந்த வெள்ளி மாறியது. 1835 முதல் 1939 வரையிலான ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி உண்டு. 1940 முதல் வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது, அதில் 5.83 கிராம் மட்டுமே உள்ளது. 1947ஆம் ஆண்டில் வந்த, புலி உருவம் கொண்ட ரூபாய் நிக்கலால் ஆனது. அதில் வெள்ளியே இல்லை. மூன்றும் கடையில் ஒரே ரூபாயாகச் செல்லுபடியாயின.

1893 வரை தனியார் தம் வெள்ளியை அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக்கிக்கொள்ள முடிந்தது. அவ்வாண்டு அவ்வுரிமை நிறுத்தப்பட்டது. அதன்பின் ரூபாயின் மதிப்பை வெள்ளியின் சந்தை விலை முடிவு செய்யவில்லை. அரசின் ஆணை முடிவு செய்தது. முதல் உலகப்போரின்போது வெள்ளி விலை உயர்ந்து தட்டுப்பாடு தோன்றியதால் 1917இல் ஒரு ரூபாய்த் தாள் வெளியிடப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பழைய முழுவெள்ளி ரூபாய்கள் 1941க்கும் 1943க்கும் இடையில் படிப்படியாகச் செல்லாதவையாக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. ஒப்படைக்கப்பட்டவை அரசின் கைக்குச் சென்றன. ஒப்படைக்காமல் பெட்டியில் வைக்கப்பட்டவையும் நகையாக்கப்பட்டவையுமே இன்று ‘ராணிக்காசு’ என எஞ்சியுள்ளன.

தங்கத்தைப் பொறுத்தவரை ஆங்கிலேய நாணயத்தின் தடம் தமிழ் மொழியிலேயே பதிந்துள்ளது. ‘சவரன்’ என்பது பிரித்தானியத் தங்க நாணயத்தின் பெயர்; ‘பவுன்’ என்பது அதன் முகமதிப்பான ஒரு பவுண்டைக் குறிப்பது. 7.98 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்ட அந்நாணயம் 1899 முதல் இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லுபடியானது. 1918இல் பம்பாயிலும் அது அச்சிடப்பட்டது. நாணயம் வழக்கொழிந்த பின்னும், 8 கிராம் என்னும் நிறையளவாக நகைக்கடைகளில் அப்பெயர்கள் நிலைத்துவிட்டன.

4. அருமை: பழமை தரும் மயக்கம்

பழைய காசு எல்லாம் விலைமிக்கது என்னும் கருத்தைத் தகர்க்கச் சென்னைக்காகவே அச்சிடப்பட்ட ஒரு காசின் வரலாறு போதுமானது. பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோகோ அக்கசாலையில் 1808இல் சென்னை மாகாணத்துக்கென 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள் அச்சிடப்பட்டன. ஏறத்தாழ 48 டன் நாணயங்களை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களின் நடுவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. இருநூறாண்டுகள் கடந்தும் அவை எளிய விலைக்குக் கிடைக்கின்றன. காரணம் வெளிப்படை: எண்ணிக்கை மிகுதி.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாய். கம்பெனிக் காசோடு ஒப்பிட அது மிகப் பிந்தியது. ஆயினும் மிகச் சிலவே அச்சிடப்பட்டமையால் பெருவிலை பெறுகிறது. அதனாலேயே வேறு ஆண்டு ரூபாய்களின் இலக்கத்தைத் திருத்தி உருவாக்கிய போலிகளும் உலவுகின்றன. ஐந்தாம் ஜார்ஜின் 1911ஆம் ஆண்டு ரூபாயில் அரசரின் மேலாடையிலிருந்த யானை உருவம் பன்றியைப் போலத் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 இலட்சம் அச்சிடப்பட்டு, சுமார் 7 இலட்சமே புழக்கத்துக்குச் சென்றன, எஞ்சியவை உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டு உருவம் திருத்தப்பட்டது.

நாணயத்தில் உள்ள ஆண்டே சில வேளைகளில் ஏமாற்றும். ‘1862’ எனப் பொறித்த விக்டோரியா ரூபாய்கள் 1874 வரை அதே ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. அவற்றுள் பலவற்றின் உண்மையான ஆண்டை நுண்ணிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். அக்கசாலைக் குறிகளும் இத்தகையவை. சென்னை அக்கசாலை 1869இல் மூடப்பட்டதால், பிற்கால ரூபாய்களைக் கல்கத்தா, பம்பாய், 1943 முதல் லாகூர் ஆகிய அக்கசாலைகளுக்கே உரியவையாகக் கொள்ள வேண்டும்.

5. நிலை, போலி, மோசடி

ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலையைச் சேர்ந்த இரு காசுகளிடையேயும் தேய்மானத்தால் விலை பன்மடங்கு வேறுபடும். அரசியின் கூந்தல் இழைகளும் மகுடத்தின் நுண்கோடுகளும் முதலில் தேய்பவை. அவற்றின் தெளிவே தரத்தின் அளவுகோல். புளியாலும் சாம்பலாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு, காலம் தந்த மேற்படலத்தையும் அதனுடன் விலையையும் இழக்கிறது. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த தழும்பும் சந்தை விலையைக் குறைக்கும். ஆனால் சமூக வரலாற்று ஆய்வாளருக்கு அத்தழும்பு, அரசு நாணயம் பெண்களின் அணியாகவும் சேமிப்பாகவும் மாறியதன் சான்று.

இராமர் பட்டாபிடேகம், அனுமன், இலக்குமி உருவங்களுடன் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகள் பொறித்த ‘கம்பெனிக் காசுகள்’ கோயில் வாயில்களிலும் சுற்றுலாத் தலக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. இத்தகைய நாணயங்களைக் கம்பெனி ஒருபோதும் வெளியிடவில்லை. இவை பிற்காலக் கற்பனைப் படைப்புகள். அரிசியை ஈர்க்கும் ஆற்றல் கொண்டவை என்று கூறி இவ்வகைச் செப்புக்காசுகளைப் பல இலட்சம் ரூபாய்க்கு விற்கும் மோசடிகள் தமிழகத்தில் தொடர்ந்து வழக்குகளாகின்றன. பழைய காசுகளையும் தாள்களையும் வாங்குவதாகத் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என 2021 ஆகஸ்டில் இந்திய ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. நாணய அறிவின்மை ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கக்கூடியது என்பதை இது காட்டுகிறது.

6. கிடைத்த இடம் என்னும் சான்று

உலோகம், ஆண்டு, அக்கசாலை, தேய்மானம் ஆகிய நான்கையும் காசைக் கையில் வைத்தே அறியலாம். ஐந்தாவதான கிடைத்த இடத்தை அவ்வாறு அறிய முடியாது. செங்கோட்டை வீடொன்றின் பழம்பெட்டியில் ஆங்கிலேய ரூபாய்களும் திருவிதாங்கூர்ச் சக்கரங்களும் ஒருங்கே இருப்பின், எவ்வாண்டு வரை எவ்விகிதத்தில் இரண்டும் சேமிக்கப்பட்டன என்பதை அத்தொகுதி உணர்த்தும். வணிகரிடம் சென்றதும் ரூபாய் ஒரு தட்டிலும் சக்கரம் மற்றொரு தட்டிலும் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு காசுக்கும் விலை கிடைக்கிறது. தொகுதி சொன்ன செய்தி மறைகிறது. அச்செய்தியை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.

சட்டமும் இங்குக் கருதத்தக்கது. மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. 1835ஆம் ஆண்டுக் காலணா போல மிக எளிதாகக் கிடைக்கும் காசுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

ஆங்கிலேயர் கால நாணயங்களின் மதிப்பைப் பழமை மட்டும் முடிவு செய்வதில்லை. 1808ஆம் ஆண்டுச் சென்னைக் காசு எளிதில் கிடைப்பதும், 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிதாக இருப்பதும் இதனை உறுதிசெய்கின்றன. முகமதிப்பு, உலோக மதிப்பு, மாற்று மதிப்பு ஆகியவை வெவ்வேறானவை என்பதைத் தென்காசி – செங்கோட்டை எல்லையின் கணக்குமுறைகள் தெளிவாகக் காட்டுகின்றன. இவ்வட்டாரச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், குறிகள் ஆகியவற்றோடு கிடைத்த ஊர், உடன் கிடைத்த காசுகள், கைமாறிய விவரம் ஆகியவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைப்பது இன்றியமையாதது. கல்லூரி வரலாற்றுத் துறைகள் மாணவர்களைக் கொண்டு இல்லச் சேகரிப்புகளைப் பிரிபடும் முன்னரே பட்டியலிட்டால், இரு அரசுகளின் நடுவே வாழ்ந்த மக்களின் பொருளியல் வரலாற்றை எழுதுவதற்குரிய மூலங்கள் கிடைக்கும்.