தந்தையின் சேமிப்பும் மகனின் வீட்டுக்கடனும்

வீட்டுக்கடன் என்றதும் வட்டி விகிதத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம். ஆனால், வங்கி தன் பங்கைக் கொடுப்பதற்கு முன்பு வாங்குபவர் தன் கையிலிருந்து ஒரு தொகையைப் போட்டாக வேண்டும். நடுத்தரக் குடும்பங்களில் அந்தத் தொகை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருகிறது. ஓய்வூதியப் பணிக்கொடை, விற்ற நிலத்தின் விலை, தாயின் நகை எனப் பல வடிவங்களில் அது வரும். இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் அந்தப் பணம் அன்பளிப்பா, கடனா, வீட்டில் ஒரு பங்கா என்பதைப் பத்திரப்பதிவுக்கு முன்பு எந்தக் குடும்பமும் பேசித் தீர்ப்பதில்லை. பிற்காலச் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

நான் பணி ஓய்வுக்குப் பின் வசிக்கும் கடப்பாக்கம், இடைக்கழிநாடு பேரூராட்சிக்கு உட்பட்ட கடலோர ஊர். இப்பகுதி இளைஞர்கள் பலர் மறைமலைநகர், ஒரகடம், சிறுசேரி ஆகிய இடங்களில் பணிபுரிகின்றனர். செங்கல்பட்டிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வீடு வாங்க விரும்புகின்றனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் கடன் ஆவணங்களுடன் சிலர் என்னிடம் வருவதுண்டு. அவர்களின் கணக்கில் பொதுவாக விடுபடுவது கைப்பணத்தின் உண்மையான அளவு.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ.30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும், அதற்கும் மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதம் வரையும் வழங்கலாம். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்பில் சேர்க்கக் கூடாது, ரூ.10 லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு.

ரூ.40 லட்சத்துக்கு ஒரு தனிவீடு வாங்குவதாகக் கொள்வோம். வங்கி அதிகபட்சமாக ரூ.32 லட்சம் தரும். மீதி ரூ.8 லட்சம் கைப்பணம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் செலுத்த வேண்டும், அது ரூ.3.60 லட்சம். ஆக, வங்கியின் பணம் தவிர ரூ.11.60 லட்சம் தேவை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.27,770 ஆகும். அதைக் கட்டிக்கொண்டிருக்கும் மகனால் பெற்றோரின் பணத்தைச் சில ஆண்டுகளில் திருப்பித் தர இயலாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

கைப்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்பது இயல்பு. பெற்றோரின் கணக்கு விவரத்துடன், 'இத்தொகை அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை. வீட்டில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை' என்ற பொருளில் ஓர் உறுதிமொழிக் கடிதத்தையும் பல வங்கிகள் பெறுகின்றன. பெற்றோரின் பணம் கடன் என்றால் மகனின் திருப்பிச் செலுத்தும் திறன் குறையும். பங்கு என்றால் ஈட்டுச் சொத்தின் மீது இன்னொருவருக்கு உரிமை ஏற்படும். இரண்டையும் தவிர்க்கவே அந்தக் கடிதம். படிவங்களில் ஒன்றாக நினைத்துப் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். ஆனால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, பெறுபவர் ஏற்றுக்கொண்டு கைமாறிய அன்பளிப்பைக் கொடுத்தவர் தம் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது.

வருமான வரியைப் பொருத்தவரை அச்சம் தேவையில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோர் தரும் தொகைக்குப் பெறுபவர் வரி செலுத்த வேண்டியதில்லை. நண்பரோ ஒன்றுவிட்ட சகோதரரோ சட்டத்தின் பார்வையில் உறவினர் அல்லர். அத்தகையோரிடம் ஓராண்டில் பெற்றது ரூ.50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகும். மருமகள் பெயரில் கொடுக்கும் பணத்திலிருந்து கிடைக்கும் வருமானம் கொடுத்தவரின் வருமானத்துடன் சேர்க்கப்படும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து ரொக்கத்தில் உள்ளது. விற்பவர் பத்திரத்தில் குறைந்த விலையைக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்கிறார். வங்கி பத்திர மதிப்பையே அடிப்படையாகக் கொள்வதால் கடன் தொகை குறைகிறது. பெற்றோர் தர வேண்டிய தொகை கூடுகிறது. வெள்ளைப் பணமாக இருந்த அவர்களின் வைப்புத்தொகை கணக்கில் வராத பணமாகிவிடுகிறது. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து ரூ.2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பெற்றோரின் கணக்கிலிருந்து பிள்ளையின் கணக்குக்கு வங்கி வழியே பணம் மாறுவதே பாதுகாப்பானது.

பணத்தின் தோற்றுவாயும் முக்கியம். பூர்விகத் தென்னந்தோப்பை விற்ற தொகையைத் தந்தை ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால், பிறருக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அளித்துள்ளன. நகையை அடகு வைத்துக் கொடுத்தாலோ, குடும்பத்தின் மீது இரண்டு கடன்கள் விழுகின்றன. வங்கியின் கணக்கில் ஒன்று மட்டுமே தெரியும்.

இனி, பேசத் தயங்கும் பகுதிக்கு வருவோம். வீடு வாங்கிய மகன் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை அந்த வகுப்பில் இல்லை. பணிக்கொடை முழுவதையும் கொடுத்தவர் அவராகவே இருக்கலாம்; அவ்வீட்டில் அவருக்குப் பங்கு கிடைக்காது. மகள் வாங்கிய வீடானால், பிள்ளைகளும் கணவரும் முதலில் வருவர். அவர்கள் இல்லையெனில் கணவரின் வாரிசுகளுக்குப் பிறகே பெற்றோர். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு உள்ள விலக்கு, அவர்கள் அன்பளித்த பணத்தில் வாங்கிய வீட்டுக்குப் பொருந்தாது.

தவணை தவறினாலும் நிலைமை இதுவே. 90 நாள்களுக்கு மேல் தவணை நிலுவையில் இருந்தால் கடன் வாராக்கடனாகிறது. அதன்பின் 60 நாள் அறிவிப்பு கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்க 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது. அன்பளிப்புக் கடிதத்தில் கையொப்பமிட்டு அவ்வீட்டிலேயே வசிக்கும் பெற்றோர் அப்போது உரிமை கோர முடியாது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ஓரளவு காக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் ரத்து செய்யலாம். அத்தகைய நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது. சட்டத்தின் நோக்கம் நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெரிவித்தது. பின்னைய வழக்கில், மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம் தாய்க்குத் துணைநின்றது. பேச்சளவில் நிற்கும் நிபந்தனையை விட எழுத்தில் உள்ள நிபந்தனைக்கு வலிமை அதிகம் என்பதை இரு தீர்ப்புகளும் உணர்த்துகின்றன.

அன்பளிப்புக்கு மாற்றாக இரு வழிகள் உண்டு. ஒன்று, கடன் பத்திரம். அதை வங்கியிடம் மறைக்கக் கூடாது. அன்பளிப்பு என்று வங்கிக்கும் கடன் என்று வீட்டிலும் இரு ஆவணங்கள் எழுதுவது பொய்யுரையாகும். கேட்டவுடன் தர வேண்டிய கடனுறுதிச் சீட்டு பொதுவாக மூன்றாண்டுகளில் காலாவதியாகும் என்பதையும் மறக்கலாகாது. மற்றொன்று, கிரயப் பத்திரத்தில் பெற்றோரைக் கூட்டு உரிமையாளராகச் சேர்ப்பது. அப்போது வங்கிகள் பெரும்பாலும் அவர்களையும் இணைக் கடனாளியாக்கும். கடன் பொறுப்பும் சேர்ந்தே வரும்.

அன்பளிப்பாகவே கொடுக்க விரும்புவோர் சில எளிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். பெற்றோர் தம் முதுமைக்கும் மருத்துவத்துக்கும் வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிஞ்சியதை மட்டுமே கொடுக்க வேண்டும். பிற பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வீடு வாங்குபவர், பெற்றோர் ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வசிக்கலாம் என்று உயில் எழுதலாம். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இரு சாட்சிகள் போதும். கடன் தொகைக்கு ஈடான ஆயுள் காப்பீடு இருந்தால் அந்த உயில் பொருளற்றுப் போகாது.

முன்பணம் கொடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில் மனைப்பிரிவு அங்கீகாரம், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே வங்கி கடன் தரும். வங்கி மறுத்தால் தரகர் வழியே கொடுத்த முன்பணம் திரும்புவது கடினம். ஆகவே ஆவணங்களை முதலில் வங்கியிடம் காட்ட வேண்டும். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற வாசகம் கிரய ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். மனை வணிகச் சட்டத்தின் கீழ் வரும் திட்டங்களில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறக் கூடாது.

பிரிட்டனில் பெற்றோர் தரும் முன்பணத்தை 'அம்மா அப்பா வங்கி' என்றே அழைக்கின்றனர். அங்கும் கடன் நிறுவனங்கள் அன்பளிப்புக் கடிதம் கேட்கின்றன. கொடுத்தவர் ஏழு ஆண்டுகளுக்குள் இறந்தால் அத்தொகை வாரிசுரிமை வரிக் கணக்கில் சேரக்கூடும். அதனால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிவதில்லை. நம் நாட்டில் அத்தகைய வரி இல்லாததால் பேசுவதற்கான கட்டாயமும் இல்லாமல் போய்விட்டது.

'அப்பா கொடுத்ததுக்குக் கணக்கா?' என்று கேட்பவர்கள் அன்பின் மிகுதியால்தான் கேட்கின்றனர். ஆனால் வங்கியும் பதிவுத்துறையும் வாரிசுரிமைச் சட்டமும் எழுத்தில் உள்ளதை மட்டுமே படிக்கும். முப்பதாண்டுச் சேமிப்பைக் கைமாற்றுவதற்கு முன்பு குடும்பத்தினர் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது.