மொட்டை மாடிச் சுண்ணாம்பு

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி, பட்டாபிராம் பக்கம் இருபது முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடு எதிலாவது மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். காலடியில் சிவப்புத் தட்டோடு. அதைப் பெயர்த்தால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம். அதற்கும் கீழேதான் கான்கிரீட். கான்கிரீட் வந்த பிறகும் வெயிலையும் மழையையும் தாங்க நம் கொத்தனார்கள் சுண்ணாம்பைத்தான் நம்பினார்கள். சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது 'வெதரிங் கோர்ஸ்' என்று பாடத்தில் ஒரே வரியில் முடிந்து போகும். விஷயம் அவ்வளவு சின்னதில்லை.

சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. அரியலூர் பக்கம் பல கோடி வருடங்களுக்கு முன் கடலாக இருந்ததால்தான் இன்று அங்கே இத்தனை சிமென்ட் ஆலைகள். சுத்தமான கல் 100 கிலோவைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பின் காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிவிடும். கல்லைக் குழைத்துப் பூசித் திரும்பக் கல்லாக்கும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவனுக்கு யார் பட்டம் கொடுத்தார்கள்?

எகிப்தில் கீசாவின் பெரிய பிரமிடே சுண்ணாம்புக்கல்லை அடுக்கியதுதான். நம் பக்கம் கருங்கல் தாராளம். ஆகவே கோவிலுக்குக் கருங்கல், பெரிய கோபுரங்களின் மேல்நிலைகளுக்குச் செங்கல், சுண்ணாம்பு, சுதை. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய வேலையைப் பார்க்க ஆசையா? எழும்பூர் அருங்காட்சியகம் போங்கள். கிருஷ்ணா நதிக்கரையிலிருந்த அமராவதி ஸ்தூபியின் பலகைகள் அங்கே இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் 'மார்பிள்' என்று எழுதி வைத்தார்கள்; உண்மையில் சுண்ணாம்புக்கல்தான். 1845-ல் வால்டர் எலியட் அங்கே தோண்டி, கிடைத்ததைச் சென்னைக்கு அனுப்பினார். அதில் பெரும் பங்கு 1859-ல் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே எத்தனையோ பலகைகளை ஊர்க்காரர்கள் காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்கிவிட்டார்கள். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் நின்ற சிற்பம், யார் வீட்டுச் சுவரிலோ பூச்சாகிப் போச்சு!

சென்னைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இல்லை. கிடைத்தது பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சல். அதைச் சுட்டுச் செய்த 'மதராஸ் சுண்ணாம்பு'க்கு உலகப் பெயர். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர் ஐசக் பைக், மதராஸ் கலவை செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி 1732-ல் அச்சிட்டது. வெல்லம், கடுக்காய், தானியம் வேகவைத்த நீர் எல்லாம் அதில் உண்டு. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர்! (பிரியாணி மாதிரி இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல் தோற்றுப்போகும்.) மாடித் தளத்துக்குச் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணி தெளித்து, பாட்டுப் பாடிக்கொண்டே மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள்.

1904-ல் சென்னையிலேயே கிளிஞ்சலிலிருந்து சிமென்ட் செய்யும் முயற்சி நடந்தது, நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் வெற்றி. 1939-ல் டால்மியாபுரம் ஆலை. 28 நாளில் பலம் காட்டும் சிமென்ட்டுக்கு முன் மாதக்கணக்கில் இறுகும் சுண்ணாம்பு நிற்குமா? அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எனக்குச் சோறு போடுவதும் சிமென்ட்தான்.

ஆனால் பழைய காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே கெட்டியாகச் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். நான் பார்த்த ஒரு பழைய வீட்டில் அப்படிப் பூசி இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பின்னாலிருந்த செங்கல் கையோடு மாவாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் பழியைச் சுண்ணாம்பு மேல் போட்டார். சுண்ணாம்புக் கலவையையே பூசியிருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. ஆனால் அதைப் பதம் பார்த்துச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இப்போது வயதானவர்கள். அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி லேபில் சிமென்ட் க்யூப் போடும்போது சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையிலும் நாலு க்யூப் போட்டு வையுங்கள். 28 நாளில் ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று உடைத்துக் கணக்கெழுதுங்கள். மீதி இரண்டை அடுத்த சந்திப்புக்கு நாங்கள் வரும்போது சேர்ந்து உடைப்போம்.