499 டன் கப்பல்கள்

கப்பலில் வேலை பார்த்த எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் டென்மார்க்கின் ஓல்போர்க் என்றால் பாய்லர் என்பார். பாய்லரில் அந்த ஊர்ப்பெயர் போட்ட பலகையைத் துடைத்துத் துடைத்தே பாதி ஆயுள் போயிருக்கும். நான் டெக் ஆள், தூத்துக்குடிக்காரன். எனக்கு ஓல்போர்க் என்றால் சிமென்ட். காட்டெகாட் கடலிலிருந்து ஹால்ஸ் வாயில் நுழைந்து லிம் ஃபியோர்டுக்குள் வந்தால், ஊருக்கு முன்பே தெற்குக் கரையில் ரோர்டால் ஆலை நிற்கும். 1889-இல் தொடங்கியது. அங்கே சரக்கேற்ற வரும் சின்னக் கோஸ்டர்களில் மேட்டாக இருந்துவிட்டு, இப்போது இதே ஊரில் கரையில் குடியிருக்கிறேன்.

இந்த ஃபியோர்டில் எந்தக் கப்பல் போகலாம் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது ஆழம். மேற்கே லோக்ஸ்டோர் அருகே மணல் திட்டு. கனத்த கப்பல்கள் சரக்கைத் தட்டையான படகுகளுக்கு மாற்றிவிட்டுத்தான் அதைத் தாண்டும். 1825-இல் வடகடல் ஆகர் அருகே நிலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வர, அதுவரை ஓல்போர்க் வணிகர்களின் பிடியிலிருந்த வியாபாரம் மேற்கு வழியாகவும் போகத் தொடங்கியது. திட்டைச் சுற்றிப் போக 1861-இல் ஒரு கால்வாய் திறந்தார்கள். அதற்கு ஏழாம் ஃபிரெடரிக் மன்னரின் பெயர். 1901-இல் திட்டின் நடுவிலேயே தூர்வாரி வழி வெட்டியதும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. மணல் கேட்டதெல்லாம் டிராஃப்ட் ஒன்றைத்தான், கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதை.

சட்டம் கேட்டது டன்னேஜை. டன்னேஜ் எடைக்கணக்கு அல்ல, இடக்கணக்கு. ஜார்ஜ் மூர்சம் வகுத்த முறையை 1854-இல் பிரிட்டன் சட்டமாக்கியது: கப்பலுக்குள் மூடிய இடம் 100 கன அடி இருந்தால் ஒரு டன். 1867-இல் டென்மார்க்கும் அதற்கு மாறியது. துறைமுகக் கட்டணம், ஆள் எண்ணிக்கை, மேட்டும் கேப்டனும் எந்த வகுப்பு டிக்கெட், அதாவது தகுதிச் சான்று, வைத்திருக்க வேண்டும் என்பது வரை எல்லாம் மெல்ல மெல்ல அந்த எண்ணின் தலையில் ஏறின. இன்ஜினியர்களுக்கு இந்தத் தொல்லை வேறு வடிவத்தில். அவர்கள் டிக்கெட்டைக் கிலோவாட்டில் அளக்கிறார்கள்.

எண்ணில் கோடு போட்டால் கட்டுகிறவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கத்தான் பார்ப்பான். டேனிஷ் கோஸ்டர்கள் 149, 299, 499 டன் என்று பிறந்ததன் காரணம் இதுதான். சட்டத்தின் பத்தியைப் பார்த்துக் கட்டியதால் அவற்றுக்குப் பாராகிராஃப் கப்பல் என்றே பெயர். வழியைத் திறந்துவிட்டது லண்டன் பிரபுக்கள் சபை. கரடியின் பெயர் கொண்ட ஒரு நீராவிக் கப்பல் வழக்கில், மேல்தளத்துக்குக் கீழே இருக்கும், நிரந்தரமாக மூட வழியில்லாத ஷெல்டர் டெக் இடத்தை அளவில் சேர்க்கக்கூடாது என்று 1875-இல் தீர்ப்பு வந்தது. அதோடு, அளவைக் குறைக்க வேண்டுமென்றே திறப்பு விடும் ‘டன்னேஜ் ஓப்பனிங்’ ஒரு தொழில்நுட்பமாகிவிட்டது.

பழைய கோஸ்டர் ஒன்றில் அதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் மேல்தளத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு சின்ன ஹேட்ச். மேலே மரப்பலகை, அதன்மேல் தார்ப்பாய், கயிற்றுக்கட்டு. ஆப்பு அடித்து இறுக்க வழி வைக்கக்கூடாது. வைத்தால் அது மூடிய இடம். கீழே தடுப்புச் சுவரிலும் அதே கதை, கொக்கி போல்ட்டில் தொங்கும் தகடு. வீட்டு வரிக்காரர் வரும் நாளில் மாடியறைக் கதவைக் கழற்றிவிட்டு ‘இது மொட்டைமாடி’ என்று காட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இல்லாத இடத்தில் சரக்கு ஏறும். கடல் ஏறினாலும் அங்கேதான் ஏறும். இதில் எனக்கு இன்றும் சகிக்காதது, கப்பலைப் பலவீனமாக்கிய ஓட்டைக்குச் சட்டமே பரிசு கொடுத்ததுதான்.

டன் குறைந்தால் ஆளும் குறையும், ஆளின் டிக்கெட்டும் சின்னதாக இருந்தால் போதும். டென்மார்க்கில் இன்றும் ஏணி அப்படித்தான்: கடலோர ஸ்கிப்பருக்கு 500 டன்னுக்குக் கீழே, ‘சேட்டஸ்கிப்பர்’ படித்தவருக்குக் கேப்டனாக 3,000 டன்னுக்குக் கீழே, அதற்கு மேலே முழு டிக்கெட். இதே ஓல்போர்க் கப்பல் கட்டும் தளம் 1985-இல் கேர்னிவலுக்காக ‘ஹாலிடே’ என்ற உல்லாசக் கப்பலைக் கட்டி அனுப்பியது, 46,000 டன். அது போன அதே நீர்வழியில் 299 டன் கோஸ்டரும் போனது. பைலட்டுக்கு இரண்டுக்கும் ஒரே ஃபியோர்டுதான்.

நம் ஊரிலும் கோடு இருந்தது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் ‘ஹோம் டிரேட்’ கப்பலுக்கு 3,000 டன் உச்சவரம்பு வைத்து, இலங்கை, மாலத்தீவு, பர்மா, மலாயா, சிங்கப்பூர் எல்லாவற்றையும் அந்த வட்டத்துக்குள் அடக்கியது. ஆக, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சின்னக் கப்பலில் போனால் அன்று அது உள்ளூர் வியாபாரம். எங்கள் பாட்டன்மார் ஏறிப்போன ‘ரஜுலா’ 8,000 டன்னுக்கு மேல். அதே வழியில் போனாலும் ஃபாரின் கோயிங். இந்த ஏணியிலேயே இல்லாதவர் தூத்துக்குடித் தோணியின் தண்டல். கொழும்புக்கும் மாலேக்கும் ஆயுள் முழுக்க ஓட்டியிருப்பார். அவர் சீட்டு தோணியோடு சரி.

1969-இல் லண்டனில் புது டன்னேஜ் ஒப்பந்தம் எழுதினார்கள். ஓட்டை, தார்ப்பாய் எதற்கும் மதிப்பில்லை. மூடிய இடத்தின் மொத்தக் கன மீட்டரை ஒரு லாகரிதச் சூத்திரத்தில் போட்டால் ஜிடி என்ற புது டன்னேஜ் எண் வந்துவிடும். 10,000 கன மீட்டர் என்றால் 2,800 ஜிடி. 1982-இல் அமலுக்கு வந்தது, பழைய கப்பல்களுக்கு 1994 வரை அவகாசம். மறு அளவில் பல கோஸ்டர்கள் ஒரே இரவில் பருத்துப்போயின. அதற்கேற்ப டிக்கெட் கோடுகளையும் நகர்த்த வேண்டியதாயிற்று. மாலுமிகளின் பயிற்சிக்கும் டிக்கெட்டுக்கும் விதி சொல்லும் 1978-ஆம் ஆண்டின் எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தத்தில் கோடுகள் 200, 1,600 ஜிஆர்டி, அதாவது பழைய அளவு டன். 1995 திருத்தத்தில் அவை 500, 3,000 ஜிடி ஆயின. கடல் அப்படியே இருந்தது.

இந்த நகர்வில் நசுங்கினவர்களில் நானும் ஒருவன். தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஏறியது 299 டன்னுக்கு வெட்டித் தைத்த பழைய கோஸ்டர். மறு அளவில் 500-ஐத் தொடாமல் நின்றது. என்னிடம் செகண்ட் மேட் டிக்கெட், கப்பலில் வேலை மேட். கேப்டனும் நானும் ஆறு மணி நேரம் மாற்றி ஆறு மணி நேரம் வாட்ச். ரோர்டாலில் கட்டியதும் எனக்கு ஓய்வு நேரம் என்பது பேச்சுக்குத்தான். ஹேட்ச் மூடியிருக்க, குழாய் வழியே சிமென்ட் இறங்கும், புருவம் வெளுக்கும். டார்ச்சோடு முன், நடு, பின் என்று டிராஃப்ட் எண்களைப் படிக்க வேண்டும். ஃபியோர்டுத் தண்ணீர் கடலும் இல்லை ஆறும் இல்லை. வாளியில் மொண்டு ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்காவிட்டால் சரக்குக் கணக்கு டன் கணக்கில் உதைக்கும். பெரிய கப்பலில் மூன்று பேர் பங்கிட்டுச் செய்யும் வேலை இது.

சீஃப் மேட் டிக்கெட்டுக்குத் தாள்களை நீட்டியபோது, பரிசோதித்த அதிகாரி எண்ணை மட்டும் பார்த்தார். வாட்ச் ஆபீசராக 12 மாதம் வேண்டும், அதுவும் 500 ஜிடிக்குக் குறையாத கப்பலில். என் சீ டைம், அதாவது கடலில் கழித்த பணிக்காலம், செல்லாது. முதலாளி மிச்சம் பிடித்த டன் என் கணக்கில் பற்று விழுந்திருந்தது. அந்த அதிகாரி சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கேப்சைஸ் என்னும் ராட்சதக் கப்பல் நிற்க மைல்கணக்கில் தண்ணீர் தின்னும். ஆழம் குறைந்த இடத்தில் தானே அமுங்கும். அதைக் கோஸ்டரில் கற்க முடியாது. ஆனால் 490 ஜிடியில் கற்காத எதை 510 ஜிடியில் கற்றுவிடுவேன் என்று கேட்டேன். சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார், தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இதற்கு மாலுமிகள் எப்போதும் கண்டுவைத்த வழி ஒன்றே: பதவியை விட்டுக்கொடுத்துப் பெரிய கப்பலில் ஏறுவது. அமெரிக்காவில் இழுவைப் படகு ஓட்டியவர்களும் 1,600 டன் டிக்கெட்டுக்கு மேலே போக இப்படித்தான் இறங்கி ஏறுகிறார்கள். மேட்டாக இருந்தவன் ஒரு பல்க் கேரியரில் தேர்ட் மேட்டாகப் போனேன். உயிர்காப்புப் படகுகளின் பிஸ்கட் பாக்கெட்டை எண்ணுவதும், தீயணைப்பான் தேதி பார்ப்பதும் என் வேலை. சம்பளம் குறைவு, தூக்கம் அதிகம். சீ டைம் ஒழுங்காக ஏறியது.

போன மாதம் அக்கா மகன் தூத்துக்குடியிலிருந்து போன் செய்தான்.

“மாமா, கோஸ்டர்ல ஒரு ஆஃபர் வந்திருக்கு. சம்பளம் நல்லா இருக்கு, ஏறிரட்டுமா?”

“எத்தன ஜிடில?”

“அதக் கேக்கல மாமா.”

“கேட்டுட்டு ஏறு.”

மறுநாள் டன்னேஜ் சர்டிபிகேட்டைப் படம் பிடித்து அனுப்பினான். 1,139. சரி என்றேன்.