இரண்டாம் சாட்சி

நிலத்தைக் கோல்கொண்டும், நெல்லை மரக்கால்கொண்டும், பொன்னைத் தராசுகொண்டும் அளந்தனர் முன்னோர். அளக்கப்படும் பொருள் கண்முன்னே கிடந்தமையால், ஐயம் எழுந்தபோது மீண்டும் ஒருமுறை அளந்து தெளிய முடிந்தது. மூடிய கலத்தினுள் ஓயாது குறைந்துகொண்டே போகும் ஒரு திரவத்தை, ஓடும் வண்டியில் அமர்ந்தவாறே அளந்தறிய வேண்டிய தேவையோ மோட்டார் வண்டிகளோடு பிறந்தது. அத்தேவையை மனிதன் நிறைவு செய்த வரலாறு சிறியதுதான். எனினும், ஒரு கருவியின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் பெரிய வினாவுக்கு அதில் விடை உண்டு.

1885ஆம் ஆண்டில் செருமானியரான கோட்லிப் டைம்லரும் வில்லெம் மேபாக்கும் பெட்ரோலிய எரிபொருளால் இயங்கும் இருசக்கர ஊர்தியை உருவாக்கினர். 1894ஆம் ஆண்டில் ‘ஹில்டெபிராண்ட் வுல்ஃப்முல்லர்’ மோட்டார் சைக்கிள் விற்பனைக்கென உற்பத்தி செய்யப்பட்டது. அக்காலத்து ஓட்டுநர்கள் கலத்தின் மூடியைத் திறந்து உள்ளே நோக்கியே எரிபொருளின் இருப்பை அறிந்தனர். 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரிலும் இருக்கைக்கு அடியிலிருந்த கலத்தில் கோலை விட்டு அளப்பதே வழக்கம். அந்த அளவை நேரானது; ஆயின், அதற்கு வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே ‘ரிசர்வ்’ என்னும் எளிய ஏற்பாடு. கலத்தின் அடியில் உள்ள பெட்ரோல் திருகுக்கு இரண்டு வழிகள் அமைக்கப்பட்டன. ஒன்று, கலத்தினுள் சற்று உயர்ந்து நிற்கும் சிறுகுழாய். மற்றொன்று, அடிமட்டத்தில் உள்ள துளை. திருகு வழக்கமான நிலையில் இருக்கும்போது உயர்ந்த குழாயின் வழியாகவே பெட்ரோல் இறங்கும். அதன் வாய்க்குக் கீழே மட்டம் தாழ்ந்ததும் இயந்திரம் தடுமாறும். ஓட்டுநர் திருகைத் திருப்பினால், அடியில் எஞ்சியுள்ள பெட்ரோல் இறங்கி அவரை அடுத்த நிலையம்வரை கொண்டு சேர்க்கும். மின்சாரமும் முள்ளும் இல்லாத இவ்வேற்பாடு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும். அச்செய்தியைப் பெட்ரோலே நேரில் வந்து சொல்லும். ஃவோல்க்ஸ்வேகன் ‘பீட்டல்’ காரும் 1961ஆம் ஆண்டுவரை எரிபொருள்மானி இன்றி இத்தகைய திருகையே துணையாகக் கொண்டிருந்தது. திருகிலும் ஒரு குறை உண்டு. பெட்ரோல் நிரப்பியபின் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவர், அடுத்த முறை எச்சரிக்கை ஏதுமின்றி நடுவழியில் நின்றார். அது மறதியின் பிழையேயன்றித் திருகின் பிழையன்று.

பின்னர் எரிபொருள்மானி மோட்டார் சைக்கிள்களிலும் பரவலாயிற்று. அது அளப்பது பெட்ரோலையன்று என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். கலத்தினுள் ஒரு மிதவை. அதனோடு இணைந்த ஒரு கை. அக்கை நகர நகர மாறும் மின்தடை. அத்தடைக்கேற்ப நகரும் முள். இத்தனை பேரின் வாய்வழியே வந்த செய்தியைத்தான் ஓட்டுநர் காண்கிறார். இடையில் ஒருவர் பிறழ்ந்தாலும் செய்தி பிறழும். பழங்காலத்துத் தக்கை மிதவைகள் நாளடைவில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்து அமிழ்ந்தன. உள்ளீடற்ற பித்தளை மிதவைகளில் துளை விழுந்தால், கலம் நிறைந்திருக்கும்போதே முள் வெறுமையைக் காட்டிற்று.

மோட்டார் சைக்கிளில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. சட்டத்தின் மேல் குதிரைச் சேணம்போல் அமர்ந்திருக்கும் கலம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், உயரத்தில் பாதி என்பது கொள்ளளவில் பாதி ஆகாது. எனவேதான், முதற்பாதியில் சோம்பிக் கிடக்கும் முள் பிற்பாதியில் விரைந்து இறங்குகிறது. மேட்டில் ஏறும்போதும், பக்கத்தாங்கியில் சாய்த்து நிறுத்தும்போதும் திரவம் ஒருபுறம் ஒதுங்க, மிதவையும் அதனோடு செல்கிறது. குலுங்கும் பெட்ரோலோடு முள்ளும் ஆடாதிருக்கவேண்டி அதனை மெதுவாக நகருமாறு அமைத்தவர்களும் உண்டு.

1958ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ஹோண்டா ‘சூப்பர் கப்’ வகை வண்டி, மலேசிய மண்ணில் ‘கப்சாய்’ என்னும் பெயரோடு தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் உழைப்பாளரின் துணையாயிற்று. அதன் கலம் இருக்கைக்கு அடியில் உள்ளது. முள் என்ன சொன்னாலும், இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்து பார்ப்பது அதன் ஓட்டுநர்களுக்கு எளிது. பார்த்தபின் புறப்பட்டவரை முள் ஏமாற்ற முடியாது.

கார்புரேட்டர் மறைந்து எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தபோது, பெரும்பாலான வண்டிகளில் ரிசர்வ் திருகும் மறைந்தது. அதன் இடத்தில் எச்சரிக்கை விளக்கு வந்தது. அவ்விளக்கும் மின்னுணர்வியை நம்பியே எரிகிறது. ஆக, முள்ளைச் சோதிக்க இருந்த தனிச்சாட்சி போய், முள்ளும் விளக்கும் மின்கம்பியையே நம்பி நிற்கும் நிலை உருவாயிற்று.

வழியில் நின்ற மோட்டார் சைக்கிளைத் தள்ளிச் செல்லலாம். வானில் நின்ற விமானத்தை என் செய்வது? 1983ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள், கனடாவில் 69 பேருடன் பறந்த ஏர் கனடா 143 விமானத்தின் எரிபொருள்மானிகள் பழுதுற்றிருந்தன. எனவே, கோலால் அளந்து கணக்கிட்டனர். கலங்களில் 7,682 லிட்டர் இருந்தது. அந்த அளவை சரியே. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. லிட்டரைக் கிலோகிராமாக மாற்ற 0.803 ஆல் பெருக்க வேண்டியவர்கள், பவுண்டுக்குரிய 1.77 ஆல் பெருக்கினர். 20,000 லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே ஏற்றப்பட்டது. நடுவானில் விமானத்தின் இரு எஞ்சின்களும் அடுத்தடுத்து ஓய்ந்தன. விமானி ராபர்ட் பியர்சன் அவ்விமானத்தை மிதக்கவிட்டே கொணர்ந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். உயிரிழப்பு இல்லை.

அங்கே மானி பொய் சொல்லவில்லை, மானியே இல்லை. கணக்கு ஒன்றுதான் சாட்சி. அச்சாட்சியைச் சோதிக்க மற்றொன்று இல்லாமற்போனது. பெருக்கலின் விடை சரியாக இருந்தும் அலகு தவறியமையால் விளைந்த இடர் அது. விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதாத மாணவனிடம் ஆசிரியர் காட்டும் கண்டிப்பு வீண் கண்டிப்பு அன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியினும் சிறந்த சான்று வேண்டா.

எரிபொருள்மானி வேண்டாத பொருளென்று இவ்வரலாறு கூறவில்லை. தனியே விடப்பட்ட மானியும், தனியே விடப்பட்ட கணக்கும் ஒருநாள் கைவிடும் என்றே கூறுகிறது. அனுபவமிக்க ஓட்டுநர் பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறார். முள்ளும் அக்கணக்கும் ஒத்துப்போனால் பயணத்தைத் தொடர்கிறார். ஒவ்வாவிடின் வண்டியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கிறார்.