பிளித்வா வெனிஸ் தந்த சொல் அன்று

குரோஷியாவின் கடற்கரைச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலருக்கு ஒரு பல்லவி உண்டு. டால்மேஷியா பல நூற்றாண்டுகள் வெனிஸின் கீழ் இருந்தது, ஆகவே அங்கே உண்ணும் பிளித்வாவின் பெயரும் இத்தாலியச் சொல்லே என்பது அது. முன்பாதி வரலாறு. 1409இல் நேப்பிள்ஸ் அரசன் லாடிஸ்லாஸ் டால்மேஷியா மீதான தன் உரிமையை ஒரு லட்சம் டுக்காட்டுக்கு வெனிஸுக்கு விற்றான். 1797 வரை அந்த ஆட்சி நீடித்தது. பின்பாதி வெறும் ஊகம். ஆண்டவன் மொழியே ஆளப்பட்டவன் தோட்டத்துக்கும் பெயர் வைத்திருக்கும் என்ற எண்ணம் சொல்லாராய்ச்சிக்குப் பெரும் கேடு. இங்கே சொல்லின் முதலும் ஈறும் அந்த ஊகத்தை மறுக்கின்றன.

முதலில் பொருள். பிளித்வா, ஆங்கிலத்தில் ஸ்விஸ் சார்ட் எனப்படும் கீரை. பீட்ரூட்டும் இதுவும் ஒரே செடியின் இரு வகைகள். அது கிழங்குக்காக வளர்ந்தது, இது இலைக்கும் அகன்ற தண்டுக்குமாக வளர்ந்தது. டால்மேஷியாவில் சுட்ட மீனை வைத்தால் பக்கத்தில் ‘பிளித்வா ஸ் க்ரும்பிரோம்’ வைப்பார்கள், அதாவது உருளைக்கிழங்கோடு பிளித்வா. செய்முறை எளிது, ஆனால் வரிசை மாறக்கூடாது. தோல் சீவித் துண்டாக்கிய கிழங்கு உப்புத் தண்ணீரில் முதலில் வேகும். அது பாதி வெந்ததும் தண்டுத் துண்டுகள். கிழங்கு குழையும் பதம் வந்த பிறகே இலை. இலைக்குச் சில நிமிடங்கள் போதும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட வேண்டும், கீரையில் தங்கிய நீர் எண்ணெயின் சுவையைக் கெடுக்கும். பிறகு ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி, நறுக்கிய பூண்டை மணம் வரும்வரை மட்டும் வதக்கி (சிவந்தால் கசக்கும்), கீரையையும் கிழங்கையும் அதில் புரட்டுவார்கள். கிழங்கு சற்றே உடைந்து எண்ணெயை ஏந்திக்கொள்ள வேண்டும், மசியலாகிவிடக் கூடாது.

‘ஸ்விஸ்’ என்ற அடைமொழியை வைத்து இதைச் சுவிட்சர்லாந்துக் கீரை என்பாரும் உளர். பொருந்தாது. இதன் மூதாதை ஐரோப்பியக் கடலோரங்களில் காடாய் வளரும் செடி. சார்ட் என்பதும் முதலில் இதன் பெயரன்று. தண்டுக்காக உண்ணும் முட்செடி ஒன்றை லத்தீன் கார்துஸ் என்றது. அதிலிருந்து பிரெஞ்சு கார்த். தண்டுப் பொதுமையால் அந்தப் பெயர் இந்தக் கீரைக்கு இடம் பெயர்ந்தது.

இனி பிளித்வா. லத்தீனில் இரண்டு கீரைப் பெயர்கள் இருந்தன. ஒன்று பேத்தா, ஆங்கில பீட்டும், அதன் வழி நம் சந்தைப் பீட்ரூட்டும் இதன் வழித்தோன்றல்கள். மற்றொன்று பிளித்தும், கிரேக்கத்தில் பிளித்தோன். இது நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனம். இன்றும் கிரேக்கர் இந்த இனக் கீரையை விளீத்தா என்று அழைத்து, அவித்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு உண்கிறார்கள். பேத்தாவும் பிளித்தும் மக்கள் பேச்சில் கலந்து இடைக்கால லத்தீனில் பிளேத்தா ஆயிற்று. பிரெஞ்சு பிளெத், கட்டலான் பிளேதா ஆகியவை அந்தக் கலப்பின் மக்கள். ஸ்பானிய பிளேதோ மட்டும் பழைய பொருளிலேயே, தண்டுக்கீரை இனமாகவே நின்றுவிட்டது.

இரு வேறு கீரைகளின் பெயர் எப்படிக் கலக்கும் என்று கேட்பவர்கள் பழைய நூல்களைப் புரட்டட்டும். இரண்டுமே சப்பென்று இருப்பவை என்று பெயர் வாங்கியவை. பிளௌட்டஸின் நாடகத்தில் பிளித்தும் அடியாகப் பிறந்த சொல் ஒருத்தியை மட்டம் என்று ஏசப் பயன்படுகிறது. அரிஸ்டோஃபனீஸின் ‘மேகங்க’ளில் அதே கீரை மூடனைக் குறிக்கும் வசைக்குள் இருக்கிறது. பேத்தாவின் கதியும் அதுவே: துவண்டு கிடப்பதைச் சொல்ல அகஸ்டஸ் பேரரசன் பேத்திஸாரே என்றொரு வினையைத் தன் போக்கில் வழங்கினான் என்று சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். கட்டலான் மொழியில் சுறுசுறுப்பில்லாதவரைப் பிளேதா என்கிறார்கள். எனக்கு ஒரு பொருட்டில்லை என்பதற்கு ஸ்பானியர் ஒரு பிளேதோ அளவும் இல்லை என்பார்கள். வசையில் ஒன்றானவை பெயரில் ஒன்றானதில் வியப்பென்ன? இன்றைய தாவரவியலும் பீட் இனத்தைத் தண்டுக்கீரைக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டது.

இந்த இடத்தில் த்ஸிக்லா என்ற பக்கச் சொல்லையும் தீர்த்துவிட வேண்டும். குரோஷிய மொழியில் அது பீட்ரூட். இலைக்கீரை வகைக்குத் தாவரவியலார் வழங்கும் சிக்லா என்ற பெயர் சிசிலியைச் சுட்டுவது; வெள்ளை பீட்டுக்குச் சிசிலிப் பெயர் உண்டென்று தியோஃபிராஸ்டஸே சொல்கிறார். அதைக் கொண்டு த்ஸிக்லாவையும் சிசிலிக்கு அனுப்புவார் உளர். ஓசை ஒப்புமையைத் தவிர ஆதாரம் கிடையாது. செர்பியாவில் அது த்ஸ்வெக்லா, ரஷ்யாவில் ஸ்வ்யொக்லா. நடுவே நிற்கும் வகரத்தைச் சிசிலியால் விளக்க முடியாது. கிரேக்கத்தின் ஸெவ்க்லோன் விளக்கும். அரபுச் சில்க்கையும் சிசிலியில் கட்டுவார்கள் சிலர். ஸ்பானிய அசெல்கா பிறந்தது அந்தச் சில்க்கிலிருந்துதான். ஆனால் அக்காதியக் களிமண் பலகைகளிலேயே சில்கு இருக்கிறது. அதற்குமேல் பேச்சில்லை.

பிளித்வாவுக்குத் திரும்புவோம். இத்தாலியத்தில் இந்தக் கீரை பியேத்தா, பியேத்தொலா. அந்த மொழியில் சொல் முதலில் வரும் ‘ப்ல்’ கூட்டு ‘பிய்’ ஆகிவிடும். வெள்ளையைக் குறிக்கும் பியாங்கோவும் அப்படி லகரம் இழந்ததே. வெனிஸ் பேச்சும் இதில் வேறல்ல. பிளித்வாவிலோ லகரம் உறுதியாக நிற்கிறது. இழந்தவனிடமிருந்து இழந்ததை எப்படிக் கடன் வாங்குவது? ஸ்லாவிய மொழிகளே பகரத்தின்பின் லகரம் சேர்க்குமே என்று ஒரு மறுப்பு வரலாம். சேர்க்கும்; ஆனால் அங்கே பிறப்பது யகரம் தோய்ந்த மெல்லிய லகரம். பிளித்வாவின் லகரம் அதுவன்று.

ஈறு இன்னும் வலிய சான்று. பழைய ஸ்லாவியத்தில் ஒரு பெயர்ச்சொல் வகை உண்டு. எழுவாயில் ஒரு உயிரில் முடியும்; வேற்றுமை ஏற்கும்போது வகரம் தோன்றும். மரம் என்பது மரத்தை, மரத்தால் என்று ‘அத்து’ப் பெறுவதுபோல. குரோஷிய மொழி பிற்காலத்தில் அந்த வகர வடிவையே அடிச்சொல்லாக்கிக்கொண்டது. தேவாலயம் த்ஸ்ர்க்வா, அத்தி ஸ்மோக்வா, முள்ளங்கி ரொத்க்வா, எல்லாம் இந்த வகை. பெர்சிகா என்ற லத்தீன் பீச் பழம் ப்ரெஸ்க்வா ஆனதும் இப்படியே. இவை ஸ்லாவியர் வந்த தொடக்க நூற்றாண்டுகளின் கடன்கள். நம் இலக்கணக் கலைச்சொல்லில் கூறினால் தற்பவங்கள், உள்மொழியின் விதிக்கு முழுக்க வளைந்தவை. வெனிஸ் காலக் கடன்களை இவற்றோடு ஒப்பிடுங்கள். டால்மேஷியர் தக்காளியைப் பொமிதோரா என்பார்கள், அவரையினக் காயை ஃபழோல் என்பார்கள், அவித்ததை லெஷோ என்பார்கள். எதிலும் வகர ஈறு கிடையாது. பிளித்வா எந்த வரிசையில் உட்காருகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அட்ரியாட்டிக் தீவுகளின் பெயர்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர் பேத்தர் ஸ்கோக். அவர் மறைவுக்குப் பின் 1971 முதல் 1974 வரை வெளிவந்த சொற்பிறப்பு அகராதியைக் கையில் எடுக்காமல் டால்மேஷியச் சொல் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

உணவின் மறுபாதியான க்ரும்பிர் வந்தது வடக்கிலிருந்து. ஜெர்மன் பேச்சின் க்ருண்ட்பிர்ன, நிலத்துப் பேரி, திரிந்து வந்தது; ஹங்கேரியில் க்ரும்ப்ளி. டால்மேஷியப் பேச்சில் ரகரம் ஒன்று உதிர்ந்து கும்பிர் ஆயிற்று. பால்கன் வழியே துருக்கி சென்று, இஸ்தான்புல் தெருக்களில் சுட்ட கிழங்குக்குக் கும்பிர் என்றே பெயராயிற்று. ஆக அந்தத் தட்டின் இரு பெயர்களுக்கிடையே ஆயிரம் ஆண்டு இடைவெளி. கிழங்கில்லாத பழைய பிளித்வா எப்படி இருந்திருக்கும் என்று எண்ணுபவர்கள் போலித்ஸா வட்டாரத்துச் சொபார்னிக்கைப் பார்க்கலாம். மெல்லிய மாவு இரண்டின் நடுவே பிளித்வாவும் வெங்காயமும் வைத்து அடுப்புத் தரையில் தணல் மூடிச் சுடுவது; மேலே பூண்டும் எண்ணெயும்.

மிரோஸ்லாவ் க்ர்லெழாவின் ‘பிளித்வாவில் விருந்து’ நாவலில் வரும் நாட்டின் பெயரும் கீரைதான் என்று சிலர் எழுதுகிறார்கள். லிதுவேனியாவுக்குக் குரோஷியப் பெயர் லித்வா. நாவலின் அண்டை நாடு ப்லாத்வியா, லாத்வியாவின் சாயல். இணையாக வைத்துப் பார்த்தால் வேர் தெரிந்துவிடும். குரோஷியர் செவியில் கீரையும் சேர்ந்தே ஒலித்திருக்கும் என்பதை மறுக்கவில்லை.

இனி சொல் கைமாறிய இடம். ரோமானிய நகரான சலோனா அழிந்தபோது தப்பியவர்கள் ஸ்ப்லித் முதலிய கடற்கரை நகரங்களில் தஞ்சம் புகுந்ததைப் பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசன் ஏழாம் கான்ஸ்டன்டைன் எழுதினார். மதிலுக்குள் லத்தீன் வழிப் பேச்சு, வெளியே ஸ்லாவியப் பேச்சு. அந்த டால்மேஷிய ரோமானியப் பேச்சு பின்னர் ஒவ்வொரு ஊராக ஒடுங்கியது. க்ர்க் தீவில் அதைப் பேசிய கடைசி மனிதர் துவோனே உதாய்னா 1898இல் மறைந்தார். நகரத்தார் தோட்டத்துக் கீரையின் பெயரை வெளியே இருந்த உழவர்கள் வாய்மொழியாகக் கற்று, தம் மொழியின் வகர ஈற்றில் வார்த்துக்கொண்டார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஓலையோ முத்திரையோ என்னால் காட்ட முடியாது. ஆனாலும் வெனிஸின் கப்பல்கள் வரும் முன்பே, ஸ்ப்லித், ஸாதர், க்ர்க் மதில்களின் வாசலில் பிறந்த சொல் பிளித்வா என்பதே என் துணிபு.