தெந்த்ரே: இடையில் வந்த ஒரு 'த்'

ஸ்பானிய மொழியில் எதிர்காலம் முதலில் எளிதாகத்தான் தெரியும். அகராதியில் உள்ள வினை வடிவத்தின் பின்னால் விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது. 'அப்லார்' என்றால் பேசுதல். 'அப்லாரே' என்றால் பேசுவேன். அந்தக் கணக்கில், 'வைத்திருத்தல்' எனப் பொருள்படும் 'தெனேர்' என்ற வினை 'தெனெரே' ஆகியிருக்க வேண்டும். ஆனால் 'தெந்த்ரே' என்கிறார்கள். நடுவில் இருந்த எகரம் எங்கே போனது, இந்த 'த்' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாடநூல்கள் 'விதிவிலக்கு, மனப்பாடம் செய்க' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனமான பதில்.

கதை லத்தீனில் தொடங்குகிறது. அங்கே 'அமாபித்' என்றால் நேசிப்பான், 'அமாவித்' என்றால் நேசித்தான். பிற்காலப் பேச்சில் பகரமும் வகரமும் ஒன்றாகக் குழைந்தன. நாளையும் நேற்றும் ஒரே மாதிரி ஒலித்தால் மொழி எத்தனை நாள் தாங்கும்? மக்கள் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினார்கள். வினையெச்சம் போன்ற வடிவத்தோடு, 'உடைத்தாயிருத்தல்' எனப் பொருள்படும் 'ஹாபேரே' என்ற வினையின் நிகழ்காலத்தைச் சேர்த்தார்கள். நாம் 'சொல்ல இருக்கிறேன்' என்கிறோமே, ஏறக்குறைய அந்தக் கட்டமைப்புதான். இரண்டு சொற்களும் ஒட்டிப்போனதற்குப் பழைய சான்று, 7ஆம் நூற்றாண்டின் ஃப்ரெடெகர் வரலாற்றுக் குறிப்பில் இருக்கிறது. கேட்டதைப் பாரசீக அரசன் 'தரமாட்டேன்' என்றானாம். பேரரசர் ஜஸ்டினியன் 'தாராஸ்', அதாவது 'தருவாய்' என்றாராம். அதனால்தான் தாரா நகருக்கு அந்தப் பெயர் வந்ததாம். ஜஸ்டினியன் அரியணை ஏறும் முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர் இருந்தது. கதை பொய், இலக்கணம் மெய்.

ஸ்பானியத்தில் 'ஹாபேரே' தேய்ந்து 'அபேர்' ஆனது. அதன் நிகழ்கால வடிவங்கள் எ, அஸ், அ, எமோஸ், அன். எதிர்கால விகுதிகளும் இவையேதான். 'நீங்கள்' என்பதற்குரிய 'அபெய்ஸ்' மட்டும் 'எய்ஸ்' என்று சுருங்கியது. பழைய ஸ்பானியக் காப்பியமான 'எல் சித்'தின் காலத்தில் இந்த ஒட்டு இன்னும் இறுகவில்லை. 'உனக்கு', 'அதை' போன்ற சிறு சொற்கள் நடுவே நுழைந்துகொள்ளும். போர்த்துகீசிய எழுத்து வழக்கில் இன்றும் நுழையும். 1492இல் நெப்ரிகா என்ற அறிஞர் வெளியிட்ட காஸ்திலிய, அதாவது ஸ்பானிய, இலக்கணமே, எதிர்காலம் இப்படி இரண்டு வினைகள் கூடிப் பிறந்தது என்று சொல்லிவிட்டது.

இப்போது அந்த 'த்'. தினமும் வாயில் புழங்கும் சொல் தேயத்தான் செய்யும். 'தெனெரே'யின் நடு எகரம் விழுந்து 'தென்ரே' ஆனது. னகரத்திலிருந்து ரகரத்துக்கு நாக்கு தாவும்போது இடையில் ஒரு வெடிப்பொலி தானாகப் பிறக்கும். 'கன்று', 'நன்றி' என்று சொல்லிப் பாருங்கள். எழுத்தில் இல்லாத டகரச் சாயல் ஒன்று வாயில் வரும். (நம் றகரத்தின் வரலாறு வேறு. ஆனால் நாக்கு எல்லோருக்கும் ஒன்றுதானே.) வெனீர் 'வெந்த்ரே' ஆனதும், பொனேர் 'பொந்த்ரே' ஆனதும், சலீர் 'சல்த்ரே' ஆனதும் இதே வழியில்தான். இன்னொரு தீர்வும் இருந்தது: இரண்டு ஒலிகளும் இடம் மாறிக்கொள்வது. 'தெர்னே', 'வெர்னே' என்ற வடிவங்கள் 16ஆம் நூற்றாண்டிலும் வழங்கின, பிறகு தோற்றன. 'மென்மையான' எனப் பொருள்படும் 'தியெர்னோ'வில் அந்த இடமாற்றம் இன்றும் நிலைத்திருக்கிறது. லத்தீனில் அது 'தெனெரும்'.

சாப்பிடுவேன் என்பதும் ஒரு காலத்தில் 'கோம்ப்ரே' என்று சுருங்கியிருந்தது. பிறகு அதைப் பழுதுபார்த்துக் 'கோமெரே' ஆக்கிவிட்டார்கள். பழுதுபார்க்க முடியாத அளவுக்கு நாவில் ஊறிப்போன சில சொற்களையே இன்று ஒழுங்கற்ற வினைகள் என்கிறோம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. உடைமையைச் சொல்லும் வேலையை 'அபேர்' இழந்து துணைவினையாக ஒதுங்கியபோது, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது 'தெனேர்'தான். ஆக, 'தெந்த்ரே' என்ற ஒரே சொல்லுக்குள் புதிய உடைமையாளர் முன்னும் பழைய உடைமையாளர் பின்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்றைய பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், 'வொய் அ தெனேர்' என்ற புதிய சுற்றுவழி பரவிவிட்டது. 'போகிறேன்' என்ற வினையை வைத்துக் கட்டியது அது. பழைய வடிவம் ஊகத்துக்கும் உதவுகிறது: 'தெந்த்ரா த்ரெய்ந்தா அஞ்யோஸ்' என்றால், 'அவனுக்கு முப்பது வயசு இருக்கும்'. தமிழ் பேசுபவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். விகுதிகள் எந்த வினைக்கும் மாறுவதில்லை, அடியை மட்டும் பாருங்கள். தெந்த்ரே தெரிந்தால் மன்தெனேர், ஒப்தெனேர், கொன்தெனேர் எல்லாம் கூடவே வந்துவிடும். 'தெஸீர்' குடும்பத்தில் மட்டும் கவனம் வேண்டும்: சொல்லுவேன் என்பது 'திரே', ஆனால் ஆசீர்வதிப்பேன் என்பது 'பெந்திரே' அல்ல, 'பெந்தெஸிரே'.