கடைவாசலில் வென்ற வேலைநிறுத்தம்

1965 செப்டம்பர் 8 அன்று, கலிஃபோர்னியாவின் டெலானோ வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்தனர். மணிக்கு 1 டாலர் 40 சென்ட் கூலி கேட்டார்கள். அவர்களுடைய தலைவர் லாரி இட்லியாங். ஓர் இனத்தவர் வேலையை நிறுத்தினால் மற்றோர் இனத்தவரைக் கருங்காலிகளாக இறக்குவது பண்ணை முதலாளிகளின் பழைய உத்தி. இம்முறை அது பலிக்கவில்லை. சீசர் சாவேஸும் டோலரெஸ் ஹுவெர்ட்டாவும் நடத்திவந்த, மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த சங்கம் செப்டம்பர் 16 அன்று மாதா கோயில் மண்டபத்தில் கூடிப் போராட்டத்தில் சேர முடிவெடுத்தது. பின்னாளில் புகழெல்லாம் சாவேஸைச் சேர்ந்தது. தொடங்கிவைத்தவர்கள் இட்லியாங்கின் ஆட்கள்.

1966 மார்ச்சில் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சேக்ரமெண்டோவுக்கு நடைப்பயணம் புறப்பட்டது. ஈஸ்டர் ஞாயிறன்று அது ஊர் சேர்வதற்குள் திராட்சைத் தோட்ட முதலாளிகளில் ஒன்றான ஷென்லி நிறுவனம் பணிந்துவிட்டது. மற்ற முதலாளிகளில் பெரும்பாலோர் அசையவில்லை. 1968 பிப்ரவரியில், திருப்பி அடித்தால் என்ன என்ற பேச்சு தொழிலாளரிடையே எழுந்தபோது சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தார். காந்தியை ஊன்றிப் படித்தவர் அவர். முதலாளிகளை நெருக்குவதற்காக அன்றி, தம் ஆட்களை அகிம்சையில் நிறுத்துவதற்காகவே 25 நாள் பட்டினி கிடந்தார்.

ஆனால் போராட்டத்தின் போக்கை மாற்றியது திராட்சைப் புறக்கணிப்புதான். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் விவசாயக் கூலிகளுக்குச் சங்க உரிமையைத் தரவில்லை. அதனால், தகராறில் தொடர்பில்லாத கடைகளைப் புறக்கணிக்கக் கூடாது என்று 1947இல் மற்றச் சங்கங்களுக்கு விதித்த தடையும் இவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. கைவிட்ட சட்டமே கையை அவிழ்த்தும் விட்டது! திராட்சைப் புறக்கணிப்பு முதலில் குறிவைத்தது ஜுமாரா என்ற பண்ணை நிறுவனத்தை. அது பிற பண்ணைகளின் முத்திரைகளில் சரக்கை அனுப்பித் தப்பப் பார்த்ததால், கலிஃபோர்னியத் திராட்சை எதையுமே வாங்காதீர்கள் என்று புறக்கணிப்பு விரிந்தது. தொழிலாளர் குடும்பங்கள் நியூயார்க், சிகாகோ, டொராண்டோ எனக் குடிபெயர்ந்து கடைவாசல்களில் நின்றன. இதற்கிடையே ராணுவத் துறை வியட்நாம் போர்வீரர்களுக்கென்று கூடுதலாகத் திராட்சை வாங்கியது. ஆனாலும் அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு முதலாளிகள் எத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியும்?

1970 ஜூலை 29 அன்று டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கூலி உயர்ந்தது, பூச்சிமருந்துப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1973இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முதலாளிகள் பலர் போட்டிச் சங்கமான டீம்ஸ்டர்ஸின் பக்கம் தாவ, மறுபடியும் வேலைநிறுத்தம், மறுபடியும் புறக்கணிப்பு. எந்தச் சங்கம் வேண்டும் என்பதை ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளர்களே தீர்மானிக்கும் உரிமையை 1975இல் கலிஃபோர்னியா சட்டமாக்கியது.